எம்.எஸ். தீசிஸ் தொடங்குகிறீர்களா? முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் இதைப் படியுங்கள்

என் தீசிஸ் பைண்டிங் ஆகி, கைடு கையெழுத்துப் போட்டு, பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டது. தேர்விலும் தேறிவிட்டேன். அதைக் கட்டுரையாக்கி இதழ்களுக்கு அனுப்பியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. மூன்று இதழ்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. இரண்டு இதழ்கள் காரணம் சொல்லவில்லை. மூன்றாவது மூன்று காரணங்கள் சொன்னது: சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் இல்லை, முதன்மை விளைவு (ஆய்வு முக்கியமாக அளக்கும் ஒன்று) எது என்று குறிப்பிடவில்லை, காயத் தொற்று என்று எதை எண்ணினீர்கள் என்பது தெரியவில்லை.

மூன்றுமே எழுதும் மேசையில் சரிசெய்ய முடியாதவை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் செய்திருக்க வேண்டியவை. அறுவைச் சிகிச்சைத் துறையில் எம்.எஸ். சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். மற்றத் துறையினருக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

படிப்பு 36 மாதம். ஆய்வேட்டைத் தேர்வுக்கு 6 மாதம் முன்பே கொடுக்க வேண்டும், ஆக மிச்சம் 30. கணக்குப் பார்க்க, எழுத, கைடு திருத்த, அச்சடிக்க 3 மாதம், 27. கடைசி நோயாளியையும் ஒரு மாதம் பின்தொடர வேண்டும், 26. தலைப்பு முடிவாகி, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலும் சிடிஆர்ஐ எண்ணும் கைக்கு வர எட்டு மாதம் ஆகிவிட்டால், நோயாளிகளைச் சேர்க்க உங்களுக்குக் கிடைப்பது 18 மாதம்தான். மூன்று வருடம் இருக்கிறதே என்று முதல் வருடத்தை வார்டிலும் தியேட்டரிலும் கரைத்தால் இந்த 18 என்பது 10 ஆகிவிடும்.

அடிப்படை மருத்துவ ஆராய்ச்சி இணையவழி வகுப்பு எல்லா முதுநிலை மாணவருக்கும் கட்டாயம். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம்தான் அதை நடத்துகிறது. எப்படியும் முடித்துத்தான் ஆக வேண்டும், அதைத் தலைப்பு யோசிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். நான் சான்றிதழுக்காக மட்டும் வீடியோவை ஓடவிட்டுத் தூங்கியவன். அதன் பலனைத்தான் கீழே படிக்கப் போகிறீர்கள்.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். சரிபார்ப்புப் பட்டியலை அன்றைக்கே திறங்கள்

என் தலைப்பு, அவசர லேப்ரோடமியில் (வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சையில்) தோலுக்கடியில் வடிகுழாய் வைப்பதன் பயன் பற்றியது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் யாருக்கு, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு, எத்தனை நாளுக்குள் என்ற நான்கும் அதில் இல்லை. இப்படி எழுதியிருக்க வேண்டும்: குடல் ஓட்டைக்காக அவசர லேப்ரோடமி செய்யப்படும் பெரியவர்களில், தோலுக்கடியில் வடிகுழாய் வைத்தால், வைக்காதவர்களைவிட 30 நாளுக்குள் காயத் தொற்று குறைகிறதா?

அந்த 30 நாள் என் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வரையறையில் மேலோட்டமான காயத் தொற்றுக்கு 30 நாள் வரை பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. மேலோட்டம், ஆழம், உறுப்பு அல்லது உள்ளிடம் என்று மூன்று வகையாகவும் அது பிரிக்கிறது. நானோ டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வரை பார்த்தேன். எட்டாம் நாள் வீட்டுக்குப் போய், பன்னிரண்டாம் நாள் ஊரில் சீழ் வடிந்தவரெல்லாம் என் மாஸ்டர் சார்ட்டில் (எல்லா நோயாளிகளின் தகவலும் உள்ள அட்டவணையில்) ‘தொற்று இல்லை’. சிக்கல்களைத் தரம் பிரிக்கவும் தனியாக மூளையைக் கசக்க வேண்டாம், 2004-இல் வந்த கிளாவியன்–டிண்டோ வகைப்பாடு இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் வரையறையை எடுத்துக்கொள்ளுங்கள், எதை எடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள்.

சரி, இதையெல்லாம் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? ஆய்வுக் கட்டுரையில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியல்கள் எல்லாம் ஈக்குவேட்டர் நெட்வொர்க் என்ற தளத்தில் இலவசமாக இருக்கின்றன. நோயாளிகளைக் குலுக்கல்போல ராண்டமாகப் பிரித்துச் சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வு என்றால் கன்சார்ட். 2025-இல் புதுப்பித்த பட்டியலில் 30 அம்சங்கள். அதே ஆய்வின் புரோட்டோகால் (தொடங்கும் முன் எழுதும் ஆய்வுத் திட்டம்) எழுத ஸ்பிரிட். வெறுமனே கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வுக்கு ஸ்ட்ரோப், 22 அம்சங்கள். அதிலேயே அறுவைச் சிகிச்சைக்கென்று ஸ்ட்ராக்ஸ் என்ற தனிப் பட்டியல் உண்டு. ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளைத் தேடித் தொகுக்கும் முறையான திறனாய்வுக்கு பிரிஸ்மா 2020, 27 அம்சங்கள். அபூர்வமான ஒரு கேஸை எழுத கேர். அறுவைச் சிகிச்சை கேஸ் என்றால் ஸ்கேர்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். கட்டுரையை இதழுக்கு ஏற்றும்போது பட்டியலையும் இணை என்று கேட்பார்கள். அப்போதுதான் முதன்முறையாக அதைத் திறப்போம். அடுத்தவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்ற ஒதுக்கீட்டை எப்படி மறைத்தீர்கள், விளைவைப் பார்த்தவருக்கு எந்தக் குழு என்று தெரியுமா என்று அது கேட்கும். செய்யாததை எப்படி எழுதுவது? பக்க எண் போடும் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று நிரப்புவோம், நானும் நிரப்பினேன். பரிசீலகர்கள் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். புரோட்டோகால் எழுதும் நாளில் பட்டியலை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்தால், ஒவ்வொரு கேள்விக்கும் என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவெடுக்கலாம்.

3. எத்தனை பேர் வேண்டும்? ‘முப்பது முப்பது’ என்று சொல்லாதீர்கள்

ஒரு குழுவுக்கு 30 பேர் என்பது தீசிஸ் உலகத்தின் குலவழக்கு. சீனியர் போட்டார், அவருக்கு முந்தையவர் போட்டார், நானும் போட்டேன். கணக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

தொற்று 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறையும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வழக்கமான 80 சதவீதத் திறன் (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத முக்கியத்துவ மட்டம் (இல்லாத வித்தியாசத்தை இருக்கிறது என்று சொல்லிவிடும் வாய்ப்பு) என்றால் ஒரு குழுவுக்கே ஏறக்குறைய 200 பேர் வேண்டும், இரண்டுக்கும் 400. யூனிட்டில் மாதத்துக்கு 12 அவசர லேப்ரோடமி என்று வைத்துக்கொண்டால், 18 மாதத்தில் 216 பேர்தான் வருவார்கள். நடக்காது.

கேள்வியை மாற்றிப் பாருங்கள். தொற்று அதிகமாக வரும் அழுக்குக் காயங்களை (ஏற்கெனவே சீழோ மலமோ கலந்தவற்றை) மட்டும் எடுக்கிறீர்கள், 40 சதவீதம் 20 ஆகும் என்பது எதிர்பார்ப்பு. ஒரு குழுவுக்கு 80 பேர் போல வரும். பத்துச் சதவீதம் பேர் பாதியில் விட்டுப்போவார்கள் என்று சேர்த்தால் மொத்தம் 180-க்குள். இது முடியக்கூடியது. ஆனால் பாதியாகக் குறையும் என்று நம்ப முந்தைய ஆய்வு ஒன்றைக் காட்ட வேண்டும். கணக்கு சின்னதாக வர வேண்டும் என்பதற்காகப் பெரிய பலனை எதிர்பார்ப்பது ஏமாற்று வேலை, கமிட்டியில் புள்ளியியல் தெரிந்தவர் இருந்தால் அங்கேயே பிடிப்பார்.

அதுவும் முடியாதென்றால் பக்கத்து யூனிட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லை, ‘இது முன்னோட்ட ஆய்வு’ என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். முன்னோட்ட ஆய்வுகளுக்கென்றே கன்சார்ட்டில் தனி நீட்டிப்பு இருக்கிறது, அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் ஓப்பன்எப்பி, ஜி-பவர் இரண்டும் இலவசம். என்ன எண்களைப் போட்டீர்கள் என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமியுங்கள், ஒன்றரை வருடம் கழித்து நினைவிருக்காது.

4. யாருக்கு எது என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது

ஒற்றைப்படை நாளில் வடிகுழாய், இரட்டைப்படை நாளில் இல்லை. ஐபி எண்ணின் (உள்நோயாளி எண்ணின்) கடைசி இலக்கம். ஒருவர் விட்டு ஒருவர். இவை எதுவும் ராண்டமைசேஷன் ஆகாது. அடுத்தவருக்கு எது வரும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால், குண்டான சர்க்கரை நோயாளியை ‘இவர் ஆய்வுக்கு ஒத்துவர மாட்டார்’ என்று உங்களையறியாமலே ஒதுக்குவீர்கள்.

செலவில்லாத வழி இது: யாருக்கு எந்தக் குழு என்ற வரிசையைக் கம்ப்யூட்டரில் உருவாக்க, யூனிட்டில் இல்லாத ஒருவரிடம், சமூக மருத்துவத் துறை நண்பரிடம் சொல்லுங்கள். வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத கவர்களில், வரிசை எண் போட்டு, ஒட்டி வாங்குங்கள். கவர்கள் தியேட்டர் சிஸ்டரிடம் இருக்கட்டும். வயிற்றை மூடும் கட்டத்தில் திறந்தால் போதும். வடிகுழாய் வைக்கும் சர்ஜனின் கண்ணைக் கட்ட முடியாது, உண்மைதான். ஆனால் முப்பதாம் நாள் காயத்தைப் பார்ப்பவர் வேறு ஒருவராக இருக்கலாம். குழாயை எடுத்த பிறகு, இரு குழுவினருக்கும் அதே இடத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினால் அவருக்கு எந்தக் குழு என்று தெரியாது.

5. எத்திக்ஸ் கமிட்டி: கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கல்லூரிக்குக் கல்லூரி படிவம் மாறும். ஆனால் இவை எங்கும் கேட்கப்படும்: உறுப்பினர் செயலருக்கு முகப்புக் கடிதம், புரோட்டோகால், தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழிலும் ஆங்கிலத்திலும், தரவுப் படிவம், கைடுக்கும் உங்களுக்கும் சுருக்கமான தன்விவரம், துறைத் தலைவரின் சம்மதம், செலவுக் கணக்கு, நல முரண்பாடு இல்லை என்ற உறுதிமொழி. எத்தனை நகல் என்று அலுவலகத்தில் முன்னாலேயே கேளுங்கள். கூட்டம் எப்போது, அதற்கு எத்தனை நாள் முன்பு கொடுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். நான் இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்து இரண்டு மாதம் இழந்தேன்.

தமிழ்ப் படிவத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நான் ஆங்கிலத்தை அப்படியே மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்துப் போனேன். கமிட்டியில் மருத்துவர் அல்லாத உறுப்பினர் ஒருவர் இருப்பார். அவர் வாய்விட்டுப் படித்தார்: “தன்னார்வப் பங்கேற்பாளராகிய தாங்கள் எவ்வித நிர்ப்பந்தமுமின்றி...” நிறுத்திவிட்டு, “தம்பி, இது எனக்கே புரியலையே” என்றார். பிறகு எங்கள் வார்டு சிஸ்டர் உட்கார்ந்து மாற்றித் தந்தார்: “இதில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். சேராவிட்டாலும் உங்களுக்குச் செய்யும் வைத்தியம் குறையாது. நடுவில் வேண்டாம் என்று தோன்றினாலும் சொல்லிவிட்டு விலகலாம்.” இதைவிட நல்ல படிவம் எழுத எனக்குத் தெரியாது.

படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு நகல் நோயாளியிடம் போக வேண்டும், அதை மறக்காதீர்கள். இன்னொன்று: ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவரிடம் எப்படி ஒப்புதல் வாங்கப் போகிறீர்கள் என்று கமிட்டி நிச்சயம் கேட்கும். வலிக்கு மருந்து கொடுத்த பிறகு, உறவினர் கூட இருக்கும்போது, அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதலிலிருந்து தனியாகப் பேசுவோம் என்று புரோட்டோகாலிலேயே எழுதுங்கள்.

செலவுக் கணக்கில் பூஜ்யம் என்று போடாதீர்கள். ஆய்வுக்காகவே எடுக்கும் சீழ் கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. எங்கள் லேபிலேயே செய்வோம் என்றால் மைக்ரோபயாலஜி துறையிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) முதுநிலை ஆய்வேடுகளுக்கு நிதியுதவி தருகிறது. அறிவிப்பு வரும்போது புரோட்டோகால் தயாராக இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும்.

ஒப்புதல் கடிதம் வந்ததும் மடித்து வைத்துவிடாமல் படியுங்கள். தேதி, தலைப்பு, கையெழுத்து மூன்றும் சரியா? தலைப்பில் ஒரு சொல் மாறினாலும் அடுத்த படியில் மாட்டுவீர்கள்.

6. சிடிஆர்ஐ: காசு வேண்டாம், பொறுமை வேண்டும்

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய ஒரு பைசா கட்டணமில்லை. பதிந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிந்தால் மட்டுமே ஏற்கிறார்கள். என் கதை இங்கேதான் முடிந்தது. நாற்பது பேரைச் சேர்த்த பிறகு போய்க் கேட்டேன், முடியாது என்றார்கள். நியாயம்தான். விளைவைப் பார்த்துவிட்டு இலக்கை வரையக் கூடாது என்பதற்குத்தானே பதிவே இருக்கிறது?

கணக்குத் தொடங்கி வரைவை நிரப்ப ஒப்புதல் கடிதம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதுநிலை ஆய்வேடா என்ற கேள்வி இருக்கும், ஆம் என்று குறியுங்கள். முதன்மை விளைவுக்கும் அதை எப்போது அளப்பீர்கள் என்பதற்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ‘காயத் தொற்று’ என்று மட்டும் போட்டால் கேள்வி வரும், ‘சிடிசி வரையறைப்படி, 30 நாளுக்குள்’ என்று போடுங்கள். கமிட்டிக் கடிதத்தின் பிடிஎஃப்பை ஏற்றி அனுப்பியதும், அவர்கள் சரிபார்த்துத் திருத்தம் கேட்பார்கள். ஒரு தடவையோடு முடியாது. எனக்கடுத்த பேட்ச் பெண் ஒருவர் மூன்று சுற்றுக்குப் பிறகு எண் வாங்கினார். ஒரு மாதமாவது ஒதுக்கி வையுங்கள்.

ஒரு பொறி: ‘முதல் நோயாளியைச் சேர்க்கும் தேதி’ என்ற கட்டம். இன்றைக்கு அடுத்த வாரத் தேதியைப் போடுவீர்கள். கேள்வி-பதில் முடிவதற்குள் அந்தத் தேதி கடந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தள்ளி வைத்து அனுப்புங்கள். எண் வராமல் ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள், எவ்வளவு அருமையான கேஸாக இருந்தாலும்.

7. தரவு: வாரம் ஒரு மணி நேரம்

எக்செல் போதும். ஒரு வரிக்கு ஒரு நோயாளி, ஒரு கட்டத்துக்கு ஒரு தகவல். ‘சர்க்கரை + பிரஷர்’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் கணக்குப் போடும் நாளில் அழுவீர்கள். பெயரையும் போன் எண்ணையும் தனிக் கோப்பில், பாஸ்வேர்டு போட்டு வைத்துக்கொண்டு, மாஸ்டர் சார்ட்டில் ஆய்வு எண் மட்டும் போடுங்கள்.

சேர்த்தவரை மட்டும் அல்ல, சேர்க்காதவரையும் எழுதுங்கள். எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேர் மறுத்தார்கள், யார் ஏன் தகுதி பெறவில்லை என்பதெல்லாம் கன்சார்ட் வரைபடத்தில் காட்ட வேண்டும். கேஸ் ஷீட் எம்ஆர்டிக்கு (மருத்துவமனையின் பழைய பதிவேடுகள் வைக்கும் பிரிவுக்கு) போன பிறகு இதை மீட்க முடியாது. பக்கத்து வீட்டுப் போன் எண் ஒன்றும் வாங்கி வையுங்கள். நம் நோயாளிகளின் போன் பெரும்பாலும் மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான்.

8. எழுதும்போது

வரிசையாக எழுத வேண்டாம், செய்முறைப் பகுதியை முதலில் எழுதுங்கள். புரோட்டோகாலில் எதிர்காலத்தில் இருந்ததை இறந்தகாலமாக மாற்றினால் பாதி வேலை முடிந்தது. யார் அறுவைச் சிகிச்சை செய்தார், அவருக்கு எத்தனை வருட அனுபவம், எந்த நூல், எந்த ஆன்டிபயாட்டிக் எப்போது என்பதையும் சேருங்கள். மாத்திரை ஆய்வில் மாத்திரை எல்லோருக்கும் ஒன்றுதான். நம் துறையில் கைக்குக் கை மாறும்.

பி-மதிப்போடு (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் எண்) நிறுத்தாதீர்கள். உதாரணத்துக்கு வடிகுழாய் வைக்காத 30 பேரில் 9 பேருக்கும், வைத்த 30 பேரில் 4 பேருக்கும் தொற்று என்றால் வித்தியாசம் 17 சதவீதப் புள்ளி. அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு) சுமார் −4 முதல் 37 வரை போகும். அதாவது வடிகுழாய் பெரிய நன்மையும் செய்யலாம், ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். இதைப் பார்த்துவிட்டு ‘பயனில்லை’ என்று எழுதுவதும் தப்பு, ‘பயனுண்டு’ என்று எழுதுவதும் தப்பு. நான் முதலாவதைச் செய்தேன்.

ஆசிரியர் பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை. வேலையில் பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், பொறுப்பேற்பு என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ நான்கு நிபந்தனைகள் சொல்கிறது. யூனிட்டில் எல்லார் பெயரும் போட வேண்டிய நெருக்கடி எனக்கும் தெரியும். தலைப்பு முடிவாகும் நாளிலேயே கைடிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது, கடைசி நாளில் சண்டை போடுவதைவிட எளிது.

9. எங்கே அனுப்புவது, எவ்வளவு ஆகும்

தீசிஸ் முடிந்த மாதமே மெயில் வர ஆரம்பிக்கும். ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே’ என்று அழைத்து, மூன்று நாளில் ஏற்பு, சலுகைக் கட்டணம் என்பார்கள். நீங்கள் பேராசிரியர் இல்லை என்பதிலேயே விஷயம் புரிந்திருக்க வேண்டும். இதழின் பெயரைப் பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளின் பட்டியல்), டிஓஏஜே (திறந்த அணுக்க இதழ்களின் பட்டியல்) தளங்களில் நீங்களே தேடுங்கள். அவர்கள் இணையப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் முத்திரையை நம்பாதீர்கள். கூகுள் ஸ்காலரில் வருகிறது என்பது ஒரு தகுதியே அல்ல. அசல் இதழின் பெயரையே வைத்துப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு, அதனால் சங்கத்தின் அல்லது பதிப்பகத்தின் பக்கத்திலிருந்தே உள்ளே போங்கள்.

சந்தா முறை இதழ்கள் பலவற்றில் கட்டணமே இல்லை. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களில் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கலாம். சலுகை உண்டா என்று அனுப்பும் முன் கேளுங்கள், ஏற்ற பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. எனக்கு ஆன மற்றச் செலவு ஜெராக்ஸ், பைண்டிங், புள்ளியியலாளருக்குக் கொடுத்தது. அதில் கடைசியை முதலிலேயே, மாதிரி அளவு கணக்கிடும்போதே கொடுத்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

பரிசீலகர் கேள்விகள் வந்தால் ஒவ்வொன்றையும் நகலெடுத்து, அடியில் பதிலும் மாற்றிய பக்க எண்ணும் போட்டு அனுப்புங்கள். கட்டுரை வெளிவந்ததும் சிடிஆர்ஐ கணக்கைத் திறந்து, ஆய்வு நிலையை ‘முடிந்தது’ என்று மாற்றி, கட்டுரை விவரத்தைச் சேருங்கள். பாஸ்வேர்டு கைடின் மெயிலுக்குத்தான் போயிருக்கும், அவர் ஓய்வு பெறுவதற்குள் செய்துவிடுங்கள்.